எல்எம்எஸ் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டதா? மாறிக்கொண்டே இருக்கும் தொழில்நுட்பத்தில் பல்கலைக்கழகக் கற்றல் தளத்தை நடத்த ஒரு முழு வழிகாட்டி

நம் ஊர்க் கல்லூரிகளில் எல்எம்எஸ் (கற்றல் மேலாண்மை மென்பொருள்) பொறுப்பு எப்படிக் கைக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கணினித் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரைக் கூப்பிட்டு, "நீங்கதானே சார் கம்ப்யூட்டர், இதையும் பார்த்துக்கங்க" என்பார்கள். தளத்தை முதலில் நிறுவியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். சர்வர் பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில் வரும். அப்படிப் பொறுப்பேற்றவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் அதிகம் பயன்படுத்தும் மூடுல் தளத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002இல் வெளிவந்த மென்பொருள் அது. இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது.

முதலில் சமீப காலத்தில் நடந்த மூன்று விஷயங்களைப் பாருங்கள். 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் தன் ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியது. அதில் செய்து வைத்திருந்த அனிமேஷன் பாடங்கள் எல்லாம் திறக்காமல் போயின. கல்வி நிறுவனங்களுக்குக் கணக்கில்லாமல் கொடுத்துவந்த சேமிப்பிடத்தை, ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்று குறைப்பதாக 2021இல் கூகுள் அறிவித்தது. ஏற்கெனவே பயன்படுத்தி வந்தவர்களுக்கு அது 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கொடிகட்டிப் பறந்த பிளாக்போர்டு என்ற எல்எம்எஸ் 2021இல் ஆந்தாலஜி என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த நிறுவனம் 2025 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

இந்த மூன்றிலும் எந்தக் கல்லூரியிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை. அதனால் எந்தத் தளம் சிறந்தது என்ற விவாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. நாளைக்கே இந்தத் தளம் இல்லாமல் போனால் வினாக்களையும் மதிப்பெண்களையும் மாணவர் பட்டியலையும் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா என்றுதான் பார்ப்பேன். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதை ஒட்டியவை.

படி 1: என்ன இருக்கிறது என்று கணக்கெடுங்கள்

புதிதாக எதையும் தொடாதீர்கள். தளத்தின் பதிப்பு எண், சர்வரில் ஓடும் பிஎச்பி (மூடுல் எழுதப்பட்ட நிரல் மொழி) பதிப்பு, டேட்டாபேஸ் எது, கூடுதலாக நிறுவிய பிளகின்கள் (துணை நிரல்கள்) எவை, யார் யாருக்கு அட்மின் உரிமை இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் அட்மின் கணக்குகள் கட்டாயம் ஒன்றிரண்டு இருக்கும். அன்றைக்கே முடக்கிவிடுங்கள்.

அப்புறம் தளத்துக்கு வெளியே நடப்பதையும் எழுதுங்கள். உண்மையான கற்பித்தல் பாதி அங்கேதான் நடக்கும்: வாட்ஸ்அப் குழுக்கள், ஆசிரியர்களின் சொந்த ஜிமெயிலில் தொடங்கிய கூகுள் கிளாஸ்ரூம்கள், யாரோ ஒருவரின் டிரைவில் கிடக்கும் வீடியோக்கள். அந்த ஆசிரியர் வேலை மாறும் நாளில் அந்த வகுப்பும் அவரோடு போய்விடும். இதைத் துறைத் தலைவர்களிடம் எடுத்துக் காட்டுங்கள். அவர்களை அசைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கடைசியாக, தளத்தின் அறிக்கைப் பக்கத்தைத் திறந்து எந்தச் செயல்பாடுகள் உண்மையில் பயன்படுகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் பிடிஎஃப் ஏற்றுவது, அசைன்மென்ட் வாங்குவது, குவிஸ் வைப்பது, இந்த மூன்றில் அடங்கிவிடும். மீதிக்காகச் செலவழிக்க நினைத்த பணத்தை நிறுத்தி வைக்கலாம்.

படி 2: மாறுவதா, இருப்பதையே மேம்படுத்துவதா

இங்கே என் பக்கச் சார்பை ஒளிக்கப் போவதில்லை. ஏற்கெனவே ஓடும் தளம் இருந்தால் அதையே மேம்படுத்துங்கள். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2005இல் மூடுலைத் தேர்ந்தெடுத்தது. இத்தனை தொழில்நுட்ப மாற்றங்களுக்கு நடுவிலும் அதன் மீதே கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தளத்தை மாற்றினால் முதல் ஆண்டு முழுக்க ஆசிரியர்களுக்குப் பட்டன் எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுப்பதிலேயே போய்விடும்.

மாறித்தான் ஆக வேண்டும் என்றால் விற்பனையாளரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். வினா வங்கியை க்யூடிஐ அல்லது எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவில் முழுதாக வெளியே எடுக்க முடியுமா? வெளிக் கருவிகளை எல்டிஐ 1.3 என்ற பொதுத் தரத்தில் இணைக்க முடியுமா? மதிப்பெண் பட்டியலைப் பதிவு எண்ணோடு சேர்த்து சிஎஸ்வி (எக்ஸெலில் திறக்கும் எளிய பட்டியல்) கோப்பாக எடுக்க முடியுமா? "அதெல்லாம் பண்ணித் தருவோம் சார்" என்ற பதில் போதாது. டெமோவிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

படி 3: உங்கள் கல்வி நாட்காட்டியை வைத்துப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்

மூடுல் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், புதிய பதிப்பு வெளியிடும். நமக்கு இரண்டுமே செமஸ்டர் தேர்வு நெருங்கும் நேரம். புதுப் பதிப்பு வந்துவிட்டதே என்று அவசரப்பட வேண்டாம். சாதாரணப் பதிப்புகளுக்கு வெளியான நாளிலிருந்து ஒன்றரை ஆண்டுகள்தான் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு மூன்று ஆண்டுகள். 2024 அக்டோபரில் வந்த 4.5 அப்படிப்பட்டது, 2027 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஒரு சிறிய குழுவுக்கு நீண்டகாலப் பதிப்பிலிருந்து அடுத்த நீண்டகாலப் பதிப்புக்குத் தாவுவதே போதும். இடையில் வரும் சிறு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு வாருங்கள்.

பெரிய மேம்படுத்தலுக்குச் சரியான நேரம், ஏப்ரல்-மே தேர்வுகள் முடிந்து உள்மதிப்பெண் எல்லாம் ஒப்படைக்கப்பட்ட பிறகு, ஜூனில் கல்லூரி திறப்பதற்கு முன்பு. டிசம்பர் விடுமுறை போதாது.

படி 4: மேம்படுத்தல்

முதலில் பாதை. 3.9 போன்ற பழைய பதிப்பிலிருந்து நேராக 4.5க்குப் போக முடியாது. 4.5க்குப் போக வேண்டுமானால் குறைந்தது 4.1.2 இருக்க வேண்டும். ஆகவே 3.9இலிருந்து 4.1, அங்கிருந்து 4.5 என்று இரண்டு தாவல். 4.5க்கு பிஎச்பி 8.1 தேவை. டேட்டாபேஸ் மரியாடிபி என்றால் 10.6, போஸ்ட்கிரெஸ் என்றால் 13, மைஎஸ்க்யூஎல் என்றால் 8.0, இவற்றுக்குக் குறையக் கூடாது. பழைய சர்வரில் ஆபரேட்டிங் சிஸ்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை முன்கூட்டியே நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து பேக்கப். மூன்று பொருட்கள் ஒன்றாக வேண்டும்: நிரல் கோப்புகள், டேட்டாபேஸ், மூடுல்டேட்டா என்ற கோப்புறை. ஆசிரியர்கள் ஏற்றிய பிடிஎஃப் எல்லாம் கடைசிக் கோப்புறையில்தான் இருக்கும். ஆனால் "அலகு 2 குறிப்புகள்" என்ற பெயரில் அங்கே தேடினால் கிடைக்காது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நீண்ட எழுத்து-எண் கோவைதான் அங்கே பெயர். எந்தக் கோவை எந்தப் பாடத்தின் எந்தக் கோப்பு என்ற விவரம் டேட்டாபேஸில் இருக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றது குப்பை. இரண்டையும் ஒரே நேரத்தில், தளத்தைப் பராமரிப்பு நிலையில் வைத்துவிட்டு எடுங்கள்.

பேக்கப் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதை வேறொரு கணினியில் மீட்டெடுத்துத் தளம் திறக்கிறதா என்று பார்த்தால்தான் அது பேக்கப். அந்த மீட்டெடுத்த நகலே உங்கள் சோதனைத் தளமாகவும் ஆகிவிடும். சோதனைத் தளத்தில் முதல் வேலையாக, கான்ஃபிக் கோப்பில் மின்னஞ்சல் வெளியே போவதைத் தடை செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய அசைன்மென்ட் நினைவூட்டல்கள் எல்லா மாணவர்களுக்கும் பறக்கும். மறுநாள் காலையில் முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வரும்.

சோதனைத் தளத்தில் மேம்படுத்திப் பார்க்கும்போது உடைவது பெரும்பாலும் மூடுல் இல்லை. தளத்தின் தோற்றத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிய தீமும், யாரோ எப்போதோ போட்ட பிளகின்களும்தான். ஒவ்வொரு பிளகினுக்கும் புதிய பதிப்புக்கான வெளியீடு இருக்கிறதா என்று பாருங்கள். கைவிடப்பட்டதாகத் தெரிந்தால், அதை நம்பியிருக்கும் பாடங்கள் எவை என்று கண்டுபிடித்து மாற்று ஏற்பாடு செய்த பிறகு நீக்குங்கள். தீம் விஷயத்தில் என் யோசனை: மூடுலோடு வரும் பூஸ்ட் தீமிலேயே கல்லூரி லோகோவையும் நிறத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அழகு கொஞ்சம் குறையும், ஆனால் ஒவ்வொரு மேம்படுத்தலிலும் தலைவலி மிச்சம்.

உண்மையான தளத்தில் செய்யும் நாளில் ஒன்றை மறக்க வேண்டாம். மூடுலில் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வசதி கிடையாது. ஏதாவது தவறினால் பேக்கப்பிலிருந்து மீட்பது ஒன்றே வழி. எல்லாம் முடிந்ததும் கிரான் (பின்னணி வேலைகளைத் தானாகச் செய்யும் நிரல்) நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். "மெயில் வரலை, மார்க் அப்டேட் ஆகலை" என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் நின்றுபோன கிரான்தான்.

படி 5: பெயர்ப் பட்டியலும் தமிழும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது, ஆனால் நமக்கு அதிக நேரம் விழுங்குவது இதுதான்.

பயனர் பெயராகப் பல்கலைக்கழகப் பதிவு எண்ணையே வையுங்கள். முதலாண்டு மாணவர்களுக்குப் பதிவு எண் வரத் தாமதமானால் சேர்க்கை எண்ணை வைத்துத் தொடங்கிப் பிறகு மாற்றலாம். இரண்டு எண்களும் உள்ள ஒரு பட்டியல் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். மூடுல் முதற்பெயர், கடைசிப்பெயர் இரண்டையும் கேட்கும். நம் மாணவர்களுக்கு இருப்பது பெயரும் இனிஷியலும். இனிஷியலைக் கடைசிப்பெயர் இடத்தில் போட்டுவிட்டு, முழுப்பெயர் காட்டும் அமைப்பில் கடைசிப்பெயர் முன்னால் வரும்படி மாற்றினால் வருகைப் பதிவேட்டில் இருப்பது போலவே தெரியும்.

தமிழ்ப் பெயர்களோ தமிழ் வினாக்களோ உள்ள பட்டியலை எக்ஸெலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்த்துறையின் பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அவற்றை யுனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றாதீர்கள். தேடலில் வராது, பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பான் வைத்துக் கேட்டால் ஏதோ ஆங்கில எழுத்துகளை வரிசையாகப் படிக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அதைவிட மோசம், ஒன்றுமே படிக்காது.

குறுவிடை வினாக்களில் இன்னொரு சிக்கல். "ஔவையார்" என்பது விடை என்றால், பாதிப் பேர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி "ஒளவையார்" என்று எழுதியிருப்பார்கள். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு. இரண்டையுமே சரியான விடையாகப் பதிந்து வையுங்கள்.

பாடங்களின் குறும்பெயரில் ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை) ஆண்டையும் செமஸ்டரையும் சேருங்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் 2017 ரெகுலேஷனில் அரியர் வைத்தவரும் 2021 ரெகுலேஷனில் படிப்பவரும் ஒரே பெயருள்ள பாடத்தைத் தேடுவார்கள். ஒவ்வொரு செமஸ்டருக்கும் பாடத்தை நகலெடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள், பழையதை மறைத்து வையுங்கள். ரீசெட் செய்து அதையே மறுபடி ஓட்டினால் மதிப்பெண் தகராறு வரும் நாளில் காட்ட எதுவும் இருக்காது.

படி 6: பாடத்தை ஃபோனுக்காக அமையுங்கள்

ஆசிரியர் பாடத்தைத் தயாரிப்பது பெரிய திரையில், மாணவர் திறப்பது ஆண்ட்ராய்டு ஃபோனில். ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் வெளியிடும் முன் ஆசிரியரையே தன் ஃபோனில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் பல சுற்றறிக்கைகளுக்குச் சமம்.

ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே ஏற்றுவதில் பயன் குறைவு. எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களின் தரவை வைத்து 2014இல் வெளிவந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. துண்டு துண்டாக வெட்டி, நடுவில் ஒரு சிறு கேள்வி வையுங்கள். எச்5பி கருவியில் வீடியோவுக்கு உள்ளேயே கேள்வி வைக்கலாம். ஃப்ளாஷில் செய்த பழைய பாடங்களுக்கும் அதுவே நல்ல மாற்று. கூடவே ஒலி மட்டும் உள்ள கோப்பு ஒன்றும் கொடுங்கள். 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சுக்கு 29 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். பேருந்தில் வருபவர்கள் கேட்பார்கள்.

வீடியோவை எங்கே வைப்பது என்பதற்கு இலங்கையின் அனுபவம் யோசிக்க வைக்கும். கொரோனா காலத்தில் அங்கே பல்கலைக்கழக மானிய ஆணைக்குழு, லேர்ன் என்ற கல்வி-ஆய்வு வலையமைப்பு, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மூன்றும் பேசி, பல்கலைக்கழக எல்எம்எஸ் தளங்களை டேட்டா கட்டணமில்லாமல் திறக்க வழி செய்தார்கள். அப்படி ஓர் ஏற்பாட்டில் யூடியூபில் வைத்து ஒட்டிய வீடியோ இலவசத்துக்குள் வராது, சொந்த சர்வரில் இருப்பது வரும். நம்மூரில் அந்தச் சலுகை இல்லாத நிலையில் யூடியூபே சிக்கனம், மூலக் கோப்பு மட்டும் கல்லூரியின் வன்வட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

படி 7: தேர்வு நாள்

பத்து மணிக்கு அறுநூறு பேர் ஒரே நேரத்தில் "தொடங்கு" அழுத்தினால் சர்வர் படுக்கும். வழி இருக்கிறது: செஷன்களையும் (உள்நுழைந்தவர்களின் விவரம்) கேஷையும் (தற்காலிகச் சேமிப்பு) ரெடிஸ் என்ற வேகமான நினைவகக் கிடங்குக்கு மாற்றுங்கள், பிஎச்பியை வேகப்படுத்தும் ஓபிகேஷ் இயங்குகிறதா பாருங்கள், ஒரு பக்கத்துக்கு ஐந்து வினா என்று வையுங்கள், குழுவாரியாகத் தொடக்க நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வையுங்கள். கடைசி வழிக்குக் காசே செலவில்லை, பலனும் அதற்குத்தான் அதிகம்.

காப்பி அடிப்பதைத் தடுக்க சேஃப் எக்ஸாம் பிரவுசர் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் இடிஎச் சூரிக்கில் உருவானது, நல்ல கருவி. ஆனால் விண்டோஸ், மேக், ஐஓஎஸ் ஆகியவற்றில்தான் ஓடும், ஆண்ட்ராய்டில் ஓடாது. கல்லூரி லேபுக்குள் வைக்கும் தேர்வுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதி மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் தேர்வை வீட்டிலிருந்து எழுத விடாதீர்கள் என்பேன். இணையவழிக் கல்வியில் நம் நாட்டில் நீண்ட அனுபவம் உள்ள என்பிடெல் என்ன செய்கிறது? வாராந்தர அசைன்மென்ட்டுகளுக்கு 25 சதவீதம், தேர்வு மையத்துக்கு நேரில் வந்து எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். சென்னை ஐஐடியின் பிஎஸ் பட்டப்படிப்பிலும் பாடம் இணையத்தில், முக்கியத் தேர்வுகள் மையத்தில். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் வழியாக எடுக்க யுஜிசி 2021இல் அனுமதித்திருப்பதால், அந்த மதிப்பெண்களை உங்கள் பதிவேட்டில் சேர்க்கும் வழியையும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரோடு உட்கார்ந்து முன்பே முடிவு செய்யுங்கள்.

படி 8: ஏஐ

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டு அசைன்மென்ட்டின் அர்த்தமே மாறிவிட்டது. நிர்வாகம் உங்களிடம் முதலில் கேட்கப் போவது "ஏஐ கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் வாங்கலாமா?" என்றுதான். வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணத்தோடு. ஓப்பன்ஏஐ தானே வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிட்டின் என்ற காப்பி கண்டறியும் மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை அணைத்தது. அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது: 2022இல் டர்னிட்டினுக்குப் போன தாள்கள் 75,000, நூற்றில் ஒன்று தவறாகக் குற்றம் சாட்டப்பட்டால்கூட 750 தாள்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நம் மாணவர்களின் எழுத்தை வைத்து இந்தப் பரிசோதனையில் இறங்கவே கூடாது.

அதற்குப் பதிலாக மதிப்பீட்டைப் பிரியுங்கள். சிட்னி பல்கலைக்கழகம் இதை இரண்டு தடங்களாக வைத்திருக்கிறது: கண்காணிப்போடு நேரில் நடக்கும் மதிப்பீடு ஒன்று, ஏஐ பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்கும் வேலை இன்னொன்று. நம்மிடம் முதல் தடத்துக்கு ஏற்கெனவே வைவா, லேப் ரெக்கார்ட், உள்தேர்வு எல்லாம் உண்டு. அசைன்மென்ட்டுக்கு 10 மதிப்பெண் என்றால், சமர்ப்பித்ததற்கு 3, அதைப் பற்றி வகுப்பில் மூன்று நிமிடம் கேட்கும் கேள்விக்கு 7 என்று மாற்றினாலே நிலைமை மாறும். அறுபது பேர் வகுப்பில் இதற்கு மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரத்தை டைம்டேபிளில் ஒதுக்கித் தர துறைத் தலைவர் சம்மதிக்க வேண்டும். சாஃப்ட்வேர் வாங்க ஒப்புதல் வாங்குவதைவிட இது கடினம்.

மூடுல் 4.5இல் ஏஐ வசதி உள்ளேயே வந்திருக்கிறது. வரைவு எழுதித் தரும், பாடத்தைச் சுருக்கித் தரும். அட்மின் ஒரு வெளிச் சேவையை இணைத்தால்தான் வேலை செய்யும். இணைக்கும் முன், அந்தச் சேவைக்கு என்னென்ன போகும் என்று பாருங்கள். ஒரு செமஸ்டர் ஆசிரியர்களுக்கு மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

படி 9: ஆசிரியர்கள்

ஆடிட்டோரியத்தில் நாள் முழுக்க நடக்கும் பயிற்சியில் நினைவில் நிற்பது மதியச் சாப்பாடுதான். துறைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருக்கு நன்றாகச் சொல்லிக் கொடுங்கள். அவருக்கு வகுப்பு நேரத்தில் சலுகையும் வாங்கிக் கொடுங்கள். பயிற்சி அவரவர் பாடத்தின் மீதே, அவர்கள் உண்மையில் ஏற்ற வேண்டிய கோப்பை வைத்தே நடக்கட்டும். மூத்த பேராசிரியர் கிளிக் செய்யத் தயங்கினால் அவர் பாடத்தின் முதல் அலகை நீங்களே கட்டிக் கொடுங்கள். இரண்டாவது அலகை அவரே செய்துவிடுவார்.

படி 10: ஒப்பந்தமும் தரவும்

தளத்தை வெளி நிறுவனம் நடத்தினால் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: மாதம் ஒருமுறை முழு பேக்கப் கல்லூரியின் கைக்கு வர வேண்டும், டொமைன் பெயர் கல்லூரியின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்து 30 நாளுக்குள் எல்லாத் தரவையும் ஒப்படைத்துவிட்டுத் தங்களிடம் உள்ள நகலை அழிக்க வேண்டும். 2023இல் வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாணவர் விவரங்களுக்குப் பொறுப்பு கல்லூரிக்குத்தான், நிறுவனத்தைக் கைகாட்டித் தப்ப முடியாது. ஆதார் எண், சாதிச் சான்றிதழ் போன்றவற்றை எல்எம்எஸ்ஸில் வாங்கவே வாங்காதீர்கள். அதற்கு அட்மிஷன் மென்பொருள் இருக்கிறது.

ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரி திறந்த முதல் வாரம் ஒரு பாடத்தை முழு பேக்கப் கோப்பாக வெளியே எடுத்து, வெறும் மூடுல் நிறுவிய வேறொரு கணினியில் ஏற்றிப் பாருங்கள். வினாக்கள் வந்தனவா, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா, மதிப்பெண்கள் பதிவு எண்ணோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து, தேதியோடு ஒரு பக்கக் குறிப்பு எழுதி சர்வர் பாஸ்வேர்டு இருக்கும் அதே ஃபைலில் வையுங்கள். அடுத்து இந்தப் பொறுப்புக்கு வருபவருக்குத் துண்டுச் சீட்டு மட்டும் போதாது.